உயிரோடு இருப்பவருக்கு ஒரு நிமிட மௌனம்

1

முதலில் ஓர் ஒப்புதல். உயிரோடு இருந்த ஒரு பெண்மணிக்கு நான் அனுதாபம் எழுதியிருக்கிறேன். அதுவும் அவர் என் இடது தோளுக்குப் பக்கத்தில் நின்று, நான் எழுதுவதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

நடந்தது ஒரு நூலகத்தின் மாடி அறையில். ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வைத்த புகைப்படக் கண்காட்சி. வாசலில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு குறிப்பேடு. பார்த்தவர்கள் கருத்து எழுதலாம். நான் எழுத்தாளர் ஆயிற்றே, 'அருமை' என்று எழுதிவிட்டுப் போக மனம் வருமா? பேனா மூடியைக் கடித்துக் கடித்து யோசித்து (எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு) இப்படி எழுதினேன்: 'இல்லாமல் போன ஒருவரை இவ்வளவு நிறைவாகக் காட்டிய படங்களை நான் பார்த்ததில்லை. அந்த அம்மா எங்கிருந்தாலும் நிம்மதியாக இருக்கட்டும்.'

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். பக்கத்தில் நின்றவர், "பேனா கொஞ்சம் தர்றீங்களா?" என்றார். கொடுத்தேன். என் எழுத்துக்குக் கீழே அவர் நான்கு வரி எழுதினார். அது என்னவென்று இப்போது சொல்ல மாட்டேன். சொல்லிவிட்டால் நீங்கள் பாதிக் கதையைத் தாண்டி ஓடிவிடுவீர்கள். பேனாவையும் அவர் திருப்பித் தரவில்லை.

மன்னிப்பை நேரில் கேட்டாயிற்று. "நேர்ல கேட்டா ஆச்சா? எழுத்துல கொன்னீங்க, எழுத்துலயே எழுப்பி உக்கார வைங்க" என்றார். நியாயமாகப் பட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

2

எங்கே தொடங்குவது?

முதல் தொடக்கம்: 'வாழ்வின் மாலைப் பொழுதில் அவர் கைக்கு ஒரு கேமரா வந்து சேர்ந்தது.' அடித்துவிட்டேன். மனிதருக்கு ஐம்பத்திரண்டு வயது. மாலைப் பொழுதாம். காதில் விழுந்தால் சண்டைக்கு வருவார்.

இரண்டாம் தொடக்கம்: 'ஒளியைத் தேடிப் புறப்பட்ட அந்த மனிதர்...' இதுவும் போயிற்று. தினமும் காலையில் அவர் தேடிப் புறப்பட்டது நசுங்கிய பம்பர்களை.

மூன்றாம் தொடக்கம்: 'அவர் ஒரு சர்வேயர்.' இது நிற்கும்.

நிலம் அளக்கும் சர்வேயர் என்று நினைத்துவிட வேண்டாம். வண்டி எங்கேயாவது இடித்துக்கொண்டால், காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் போய்ப் பார்த்து, எது உடைந்தது, எது ஏற்கெனவே உடைந்திருந்தது என்று படத்தோடு எழுதிக் கொடுப்பவர். இருபத்திரண்டு வருடங்களாக அதே வேலை. முதலில் நம்பர் பிளேட். பிறகு வண்டியின் நான்கு மூலைகள். பிறகு அடிபட்ட இடம், தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து ஒன்று. கிட்டத்துப் படத்தில் அடியின் அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு பேனாவை வைப்பார். ஆக, படம் எடுப்பது அவருக்குப் புதிதே அல்ல. அழகாக இருக்கிறதே என்று ஒன்றை எடுப்பதுதான் புதிது.

அவர் கண்களில் எப்போதும் ஒரு

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். அவர் கண்களில் எப்போதும் இருந்தது தூசி. பட்டறைகளில் அலைகிறவருக்கு வேறு என்ன இருக்கும்?)

3

மழை விட்ட ஒரு பிற்பகல். ஒரு பட்டறையின் பின்புறம், மூக்கு நசுங்கிய கார் ஒன்று நின்றது. சர்வேயர் வழக்கம்போல நம்பர் பிளேட், நான்கு மூலை, தூரம், கிட்டம் என்று முடித்துவிட்டுப் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். அப்போதுதான் பார்த்தார். சுருங்கிப்போன பானெட்டின் மடிப்புகளில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் வானம் தெரிந்தது. ஒரே மேகம், நான்கு மடிப்பில் நான்கு துண்டாக. கை தானாகப் போய் ஒரு படம் எடுத்தது.

அந்தப் படம் மற்றவற்றோடு சேர்ந்து அலுவலகத்துக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் கடிதம் வந்தது: 'படம் எண் எட்டு எதற்காக எடுக்கப்பட்டது என்று விளக்கவும்.'

சர்வேயர் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அலுவலகம் அவரிடம் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது. கடைசியில், 'தவறுதலாகச் சேர்ந்துவிட்டது' என்று பதில் எழுதி அனுப்பினார். "பொய் எழுதின அன்னைக்கு மனசு அவ்வளவு லேசா இருந்துச்சுங்க. ஏன்னே தெரியல" என்று என்னிடம் சொன்னார். அடுத்த வாரம் பழைய கேமரா ஒன்றை வாங்கினார். அதற்கடுத்த வாரம் நூலக மாடியில் கூடும் ஞாயிறு கேமரா வட்டத்தில் போய்ச் சேர்ந்தார்.

வட்டத்தை நடத்துபவர் ஒரு பல் டாக்டர். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் ஒரு படம் கொண்டுவர வேண்டும். சர்வேயர் செம்பருத்திப் பூ ஒன்றைக் கொண்டுவந்தார். திரையில் அதைப் போட்டதும் அறையே குலுங்கிச் சிரித்தது. பூவுக்குப் பக்கத்தில், இதழை ஒட்டினாற்போல, பேனா.

"பூவுக்குச் சேதம் ஜாஸ்தியா சார்?" என்றார் பல் டாக்டர்.

சர்வேயரும் சேர்ந்துதான் சிரித்தார். பேனா வைத்ததே அவருக்கு நினைவில்லை. அடுத்த வாரம் பேனா இல்லாமல் எடுத்தார், எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பழக்கம் ஒழிந்தது.

இன்னொரு பழக்கம் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. படத்தில் இருப்பதைப் பார்த்துச் சிரிக்கலாம். இல்லாததைப் பார்த்து எப்படிச் சிரிப்பது?

4

சேதப் படத்தில் மனிதர்கள் விழக் கூடாது. கை, கால், நிழல் எதுவும் ஆகாது. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு முறை வண்டிக்காரரின் நிழல் கதவின்மேல் விழுந்துவிட்டது. 'படத்தில் உள்ள நபர் யார்? விபத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?' என்று அலுவலகம் கேட்டு, ஒரு நிழலுக்காக அவர் இரண்டு மணி நேரம் பயணம் செய்து மறுபடியும் படம் எடுக்க வேண்டிவந்தது. அன்றிலிருந்து, கண்ணைக் கேமராவில் வைக்கும்போதே வாய் சொல்லிவிடும்: "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

கடுமையாகச் சொல்ல மாட்டார். அடிபட்ட வண்டிக்காரர்கள் வண்டியைத் தொட்டபடியேதான் நிற்பார்கள், ஆஸ்பத்திரியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல. அது அவருக்குத் தெரியும். அதனால் தன்மையாகத்தான் சொல்வார். அவர்களும் தன்மையாகத்தான் தள்ளி நிற்பார்கள்.

இனி அவருடைய மனைவி. இந்தக் கதையில் நான் கொன்றது இவரைத்தான். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவர். 'தண்ணி வரல' என்று ஒரு நாளைக்கு முந்நூறு பேர் இவர் காதில் கத்துவார்கள். முந்நூறு பேருக்கும் ஒரு புகார் எண் கொடுப்பார். அங்கே ஒரு விதி உண்டு. புகாரை வாரியம் தானாக மூட முடியாது. புகார் கொடுத்தவரே தன் வாயால் 'தண்ணி வந்துடுச்சு' என்று சொன்னால்தான் மூடலாம். நான் இவரை அக்கா என்று அழைக்கிறேன். அழைக்க அனுமதி கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று.

கேமரா வந்த பிறகு வீட்டில் சர்வேயர் வேறு ஆளாகிவிட்டார். அதை மறைக்க முடியாது. முன்பெல்லாம் வேலை விட்டு வந்தால் சோபாவில் சாய்ந்து, கூப்பிட்டால் இரண்டாம் முறைக்குத்தான் திரும்புவார். இப்போது காலை ஆறரை மணிக்கே வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

"இங்க வந்து பாரேன், இந்தக் குழாய் மேல வெளிச்சம் எப்படி விழுது பாரு!"

அக்கா வந்து பார்த்தார். "குழாய். இதப் பத்தித்தான் தினம் முந்நூறு பேரு எனக்கு ஃபோன் பண்றாங்க."

கேலி செய்தாலும் அக்காவுக்கு அது பிடித்திருந்தது. மனிதர் வீட்டில் இருப்பவற்றைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறாரே. இன்று குழாயைப் பார்க்கிறார், நாளைக்கு நம்மையும் பார்ப்பார் என்று ஒரு எண்ணம்.

எட்டு மாதம் இப்படி ஓடியது. கண்காட்சிக்குப் பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்தார் சர்வேயர். தலைப்பு: 'என் வீடு'. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதன் மெத்தையில் யாரோ எழுந்துபோன பள்ளம். மடித்த செய்தித்தாள்மேல் ஒரு மூக்குக்கண்ணாடி. பாதி குடித்த தேநீர், தம்ளரின் விளிம்பில் உதட்டுத் தடம். பாதி உரித்த பட்டாணி. சீப்பில் சிக்கிய ஒரு முடி, அதில் மட்டும் வெயில். வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. இப்படிப் பன்னிரண்டு.

உண்மையைச் சொல்ல வேண்டும்: படங்கள் அற்புதமாக இருந்தன.*

* இதை அக்காவும் ஒப்புக்கொள்கிறார். 'இத எடுத்துட்டுக் கீழ ஏதாவது திட்டி எழுதுங்க' என்று சர்வேயர் கேட்டுக்கொண்டார். மறுத்துவிட்டேன்.

4-க்கும் 5-க்கும் நடுவில் ஒரு தொலைபேசி அழைப்பு

முதல் வரைவில் இங்கிருந்து நேரே கண்காட்சிக்குத் தாவியிருந்தேன். சர்வேயர் சொன்ன கதை அப்படித்தான் போகும். வரைவை அக்காவுக்கு அனுப்பினேன். மதிய உணவு இடைவேளையில் அழைத்தார்.

"எழுத்தாளரம்மா, படிச்சேன்."

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லாருக்கு. நான் எங்க?"

"நீங்க இருக்கீங்களேக்கா. தேநீர் வர்ற இடத்துல, அப்புறம்..."

"தேநீர் இருக்கு. தம்ளர் இருக்கு. நான் எங்கன்னு கேட்டேன். அவரு தள்ளி நிக்கச் சொன்னாரு, சரி, அது பழக்கதோஷம். நீங்களும் என்னத் தள்ளி நிக்க வச்சுட்டு நாற்காலியத்தான் எழுதியிருக்கீங்க."

வரைவைப் புரட்டிப் பார்த்தேன். முதல் வரைவில் அக்கா இரண்டே இடத்தில் வந்தார், இரண்டிலும் பேசவில்லை. குழாய் பற்றி அவர் அடித்த கிண்டலைக்கூட 'மனைவி புன்னகைத்தாள்' என்று ஆக்கி வைத்திருந்தேன். இருபது வருடமாகப் பெண்களைப் பற்றி எழுதுகிறேன் என்று மார்தட்டிக்கொள்கிறவள் நான்.

"அந்த நாற்காலிப் படம் எப்படி வந்துச்சுன்னு அவரு சொன்னாரா?" என்றார் அக்கா.

"இல்லக்கா."

"சொல்ல மாட்டாரு. அவருக்குத் தெரியவே தெரியாது. எழுதிக்கோங்க."

5 (பிறகு சேர்த்தது)

மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் அக்காவுக்குக் காலை வெளிச்சம் எங்கே, எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் கணவர் புண்ணியத்தில் மனப்பாடம். அன்று ஆறேகாலுக்கே குளித்து, பச்சைப் புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டார். முக்கியமான இடங்களுக்கு மட்டும் கட்டுகிற புடவை. ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவர்போலப் பட்டாணி உரிக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, பச்சைப் புடவையில், பட்டாணி.

சர்வேயர் கேமராவோடு வந்தார். நின்றார். பார்த்தார். முகம் மலர்ந்தது. அக்காவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதாம். பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படி அடிக்கவில்லையாம்.

"ஆகா, என்ன வெளிச்சம்!" என்றார் சர்வேயர். கண்ணைக் கேமராவில் வைத்தார். "கொஞ்சம் தள்ளிக்கோயேன். ரெண்டே நிமிஷம்."

அக்கா எழுந்தார். பட்டாணிக் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் போய் நின்றார். மெத்தையில் அவர் உட்கார்ந்த பள்ளம் இன்னும் நிமிராமல் இருந்தது. அதைத்தான் சர்வேயர் எடுத்தார். கண்காட்சியில் முதல் படம் அது. நான் கண்ணீர் விட்ட படமும் அதுதான்.

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா" என்றேன்.

"என்னன்னு கேக்கறது? என்னப் படம் எடுங்கன்னா? அத வாய் விட்டுக் கேக்கற வயசாம்மா எனக்கு?"

பிறகு, "மணியாச்சு, லைன்ல ஆள் காத்திருக்காங்க" என்று வைத்துவிட்டார்.

6

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கண்காட்சித் திறப்பு. அக்கா அரை நாள் விடுப்பு எடுத்து வந்தார். பேருந்து தாமதம். அவர் மாடிப்படி ஏறி உள்ளே நுழையும்போது எல்லோரும் எழுந்து தலை குனிந்து நின்றிருந்தார்கள். யாருக்கோ மௌன அஞ்சலி போலிருக்கிறது என்று அவரும் கதவோரம் நின்று, கைகட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

நடந்தது இதுதான். பல் டாக்டர் படங்களைச் சுவரில் மாட்டும்போதே ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்றுதான் மாட்டியிருக்கிறார். சர்வேயரோ வட்டத்தில் வீட்டைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. டாக்டரே முடிவு கட்டிவிட்டார். திறப்பு விழாவில் ஒலிபெருக்கியைப் பிடித்து, "ஒரு வீட்ல ஒருத்தர் இல்லாம போறதுன்னா என்னன்னு இந்தப் பன்னிரண்டு படத்தப் பாத்துத்தான் எனக்குப் புரிஞ்சுது. நண்பர் எங்ககிட்ட சொன்னதில்ல, நாங்களும் கேக்கல. அந்த அம்மாவுக்காக ஒரு நிமிஷம் எல்லாரும் எழுந்து நிப்போம்" என்றார்.

சர்வேயருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நீங்க உடனே சொல்லியிருக்கலாமே சார்" என்று பிறகு கேட்டேன்.

"எல்லாரும் கண்ண மூடிட்டாங்க. மௌன அஞ்சலில எப்படிங்க பேசறது?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஒரு நிமிடம் முடிந்த பிறகும் நிறைய நிமிடங்கள் இருந்தன என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சீப்புப் படத்தின் முன்னால் ஒரு பெண் விசும்பிவிட்டார். முன்பின் தெரியாத ஒருவர் சர்வேயரின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, "தைரியமா இருங்க" என்றார்.

சர்வேயர், "ம்" என்றார்.

இந்த இடத்தில் அவருக்காக வாதாட எனக்கு ஆசை. வாதாட ஒன்றும் இல்லை. அவரே சொன்னதை எழுதிவிடுகிறேன்: "இருபத்திரண்டு வருஷமா நான் எடுத்த படத்த யாரும் ரெண்டு செகண்டுக்கு மேல பாத்ததில்ல. அன்னைக்கு ஒருத்தங்க நின்னு அழறாங்க. அத நிறுத்த எனக்கு மனசு வரலைங்க."

அந்த 'ம்' விழுந்தபோது அக்கா இரண்டு முழம் தள்ளி நின்றிருந்தார்.

அவர் சுவரோரம் நடந்தார். தன் நாற்காலி, தன் கண்ணாடி, தன் செருப்பு, தன் முடி. பன்னிரண்டையும் பார்த்துவிட்டு வாசல் மேசைக்கு வந்தார். அங்கே ஒருத்தி பேனா மூடியைக் கடித்துக்கொண்டு அவருக்கு அனுதாபம் எழுதிக்கொண்டிருந்தாள்.

இனி அந்த நான்கு வரி:

'எங்கிருந்தாலும் என்று எழுதியிருப்பதால் தெரிவிக்கிறேன்: வெளியே தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.
பதினொரு மணி வரை நிம்மதியாகத்தான் இருந்தேன்.
தேநீரைப் பாதியில் வைத்தது சாவு வந்ததால் அல்ல. தள்ளி நிற்கச் சொன்னதால்.
வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. ஐந்து மணிக்குள் வரவும்.'

7

மூன்று மணி வாக்கில் குறிப்பேட்டை முதலில் படித்தவர் பல் டாக்டர். வாயைத் திறந்தவர் மூடவில்லை. வழக்கமாக அது அவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் செய்கிற வேலை. சர்வேயர் படித்துவிட்டுத் தண்ணீர் கேனை நோக்கி ஓடினார். அங்கே ஒரு காகிதக் கோப்பை மட்டும் இருந்தது. பாதித் தண்ணீரோடு.

(சத்தியமாக இதை நான் சேர்க்கவில்லை. பாதித் தண்ணீர் இருந்தது. அவர் அதைப் படம் எடுக்காமல் ஓடினார் என்பதை அவருக்குச் சாதகமாக இங்கே பதிவு செய்கிறேன்.)

நாலு மணிக்கெல்லாம் வீட்டு வாசலில் நின்றார். அக்கா கதவைத் திறந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் சர்வேயரை அவசரமாகப் பேச வைத்தது.

"நான் சொல்லத்தான் வந்தேன், அதுக்குள்ள அந்த டாக்டர்..."

"உக்காருங்க. புகார் ஒண்ணு இருக்கு, எழுதிக்கோங்க."

"என்ன புகார்?"

"எழுதுங்க. படம் நல்லாருக்கு. படத்து மேல புகார் இல்ல. நான் செத்துட்டேன்னு நாலு பேரு அழுதாங்க. அதுலயும் புகார் இல்ல, அழுதாங்களேன்னு இருக்கு. தைரியமா இருங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, நீங்க 'ம்'னீங்க. அந்த 'ம்' மேலதான் புகார்."

சர்வேயர் எழுதவில்லை. தலை குனிந்துகொண்டார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். நிழல் விழுந்த கதவிலிருந்து தொடங்கி, பானெட்டில் தெரிந்த வானம், எண் எட்டு, அலுவலகத்துக்கு எழுதிய பொய் எல்லாவற்றையும். அக்கா குறுக்கே பேசவில்லை. குறுக்கே பேசாமல் கேட்பது அவருக்குத் தொழில். முடித்ததும், எல்லோரிடமும் கேட்கும் அதே குரலில் கேட்டார்:

"எப்ப சரி பண்ணுவீங்க?"

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குத் தொறப்பாங்க."

"அப்ப அதுக்குள்ள. இன்னைக்கு வந்தவங்க நாளைக்கும் வந்தா நான் இருக்கறது தெரியணும். நீங்க மைக்ல சொல்ல வேணாம். சுவத்துல இருக்கணும்."

மறுநாள் காலை ஆறரை. அதே ஜன்னல், அதே நாற்காலி. பச்சைப் புடவை இல்லை. வீட்டில் உடுத்தும் சாயம் போன நைட்டி. "இன்னொரு வாட்டி அலங்காரம் பண்ணிக்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்தார். சர்வேயர் கேமராவில் கண்ணை வைத்தார்.

விரல் அமுக்கவில்லை. சட்டத்துக்குள் ஓர் ஆள் இருக்கிறார். இருபத்திரண்டு வருடம் விரலுக்குப் படித்துக் கொடுத்தது ஒரே பாடம். அது காத்திருந்தது, ஆள் நகரட்டும் என்று. நெற்றி வியர்த்தது. கேமராவை இறக்கித் துடைத்து மறுபடி வைத்தார். அப்போது அவரையும் மீறி வாய் திறந்துவிட்டது.

"கொஞ்சம்..."

அக்கா அசையவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

8

இங்கே நான் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) அவர் பழக்கத்தில் 'தள்ளி நில்லு' என்று சொல்லிவிடுகிறார். அக்கா எழுந்து போகிறார். காலி நாற்காலி. அரை மணி நேரத்தில் எழுதிவிட்டேன். பத்திரிகைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் எனக்கு அந்த மனிதரைத் தெரியும். எட்டு மாதம் தெரியாமல் செய்ததைத் தெரிந்த பிறகு செய்ய மாட்டார். கிழித்துவிட்டேன்.

ஆ) அக்கா எழுந்து வந்து கேமராவைப் பிடுங்கி, அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுக்கிறார். அந்த வீட்டுப் படங்களில் அவரும்தான் இல்லையே! இதை எழுதிவிட்டு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அக்கா கேட்டுவிட்டு, "அவருக்குப் புடிச்ச பைத்தியம் எனக்கும் புடிக்கணுமா? நல்ல கதையா இருக்கே" என்றார். அதுவும் போயிற்று.

இ) கண்காட்சியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். வேண்டாம். ஒரு தடவை எழுந்து நின்றதே போதும்.

கற்பனை கைவிட்டதால், பார்த்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் மாடியேறினேன். பன்னிரண்டு படங்களுக்குப் பக்கத்தில் பதின்மூன்றாவதாக ஒன்று, சட்டமில்லாமல், நான்கு மூலையிலும் நாடா ஒட்டி இருந்தது. கை ஆடியிருக்கிறது; ஓரங்கள் தெளிவாக இல்லை. நடுவில் அக்கா.

சொல்கிறேன், இந்தத் தடவை நாற்காலியை விட்டுவிடுகிறேன். அகலமான நெற்றி. மூக்கின் இரு பக்கமும் கண்ணாடி அழுத்திய தடம். இடது புருவம் வலதைவிடச் சற்று மேலே. கன்னத்தில் ஒரு பழைய தழும்பு, அதைப் பற்றி நான் கேட்கவில்லை. எதிர்முனையில் இருப்பவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருக்கும் முகம். வலது கையில் ஒரு பேனாவை நிமிர்த்தி, கன்னத்தை ஒட்டினாற்போலப் பிடித்திருந்தார், அளவுக்காக. நீல நிறப் பேனா. மூடி முழுக்கப் பல் தடம்.

பல் டாக்டர் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். மூடியைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

9

ஆக, படம் எடுக்கப்பட்டுவிட்டது. அது முடிவு ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. 'கொஞ்சம்' என்று தொடங்கியவர் அதை என்ன சொல்லி முடித்தார்? அதற்குப் பிறகுதானே அந்த விரல் அமுக்கியது.

சர்வேயரிடம் கேட்டேன். ஒரு வார்த்தை சொன்னார். அக்காவிடம் கேட்டேன். அவர் வேறொரு வார்த்தை சொன்னார். இருவரும் பொய் சொல்லவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். சொன்னவர் ஒன்றைச் சொல்லியிருக்கிறார், கேட்டவருக்கு நெடுநாளாகக் கேட்க வேண்டியிருந்தது கேட்டிருக்கிறது. அல்லது மறதி. எதை எழுதினாலும் மற்றவரைத் தள்ளி நிற்க வைத்ததாகிவிடும். அந்தத் தப்பை இந்தக் கதையில் இன்னொரு முறை செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியாக ஒன்று மட்டும் கேட்டேன். "புகார மூடியாச்சாக்கா?"

"இன்னும் நிலுவைலதான் இருக்கு."

"தண்ணி வந்துச்சா, இல்லையா?"

அக்கா சிரித்தார். அதற்குமுன் அவர் சிரித்து நான் கேட்டதில்லை. "வந்தா நானே சொல்றேன். சொன்னா அவருகிட்டதான் சொல்வேன், உங்ககிட்ட இல்ல."

எனவே இனி உங்கள் பொறுப்பு. காலை ஆறு முப்பத்தைந்து. வெளிச்சம் இன்னும் பத்து நிமிடம் தங்கும். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இந்த முறை எழுந்திருப்பதாக இல்லை. எதிரே அவர் கணவர் ஒரு வாக்கியத்தின் முதல் சொல்லைச் சொல்லிவிட்டு வியர்த்துக்கொண்டு நிற்கிறார். மீதியை நீங்கள் சொல்லிக் கொடுங்கள். உங்கள் வீட்டிலும் யாரிடமாவது சொல்லாமல் விட்டது இருந்தால் அதுவேகூடப் பொருந்தும்.

"கொஞ்சம் .................................."

எழுதுவதற்கு என்னிடம் பேனா கேட்காதீர்கள். அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.